வாலி கென்னார்டுக்கு முட்டியில் காயம் இல்லை

“என் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் திருப்பிக் குடுங்க அண்ணாச்சி.”

சொல்லிவிட்டேன். லீவு கேள், சம்பளம் கூட்டிக் கேள், மத்தியானமே வீட்டுக்குப் போகணும்னு கேள், இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அப்பா சொல்லியிருந்தார். பக்கத்து நாற்காலி பிரேமலதா அக்காவும் அதையேதான் சொன்னாள். நானும் இரண்டு ஆடித்தபசுத் திருவிழாவைக் கேட்காமலே ஓட்டிவிட்டேன்.

இசக்கித்துரை அண்ணாச்சி தலையை நிமிர்த்தவில்லை. செல்போனில் நூல் விலை பார்த்துக்கொண்டிருந்தார். கீழே அவருடைய விசைத்தறி ஓடுகிறது, மாடியில் அவருடைய கம்ப்யூட்டர் ஆபீஸ். தறி அடிக்கிற அடிக்கு மேஜைமேல் தண்ணீர் டம்ளர் எந்நேரமும் நடுங்கும். புதிதாக வருகிறவர்கள் டம்ளரைப் பிடிக்கப் போவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது.

“எதுக்கு?” என்றார்.

“பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். ஒரிஜினல் இல்லாம சேர்க்க மாட்டாங்க.”

“இங்கன பத்திரமாத்தானே இருக்கு?”

“பத்திரமா இருக்குன்னு யாரு இல்லன்னா? அது எனக்கு வேணும்.”

இப்போதுதான் என்னைப் பார்த்தார். கோபம் கிடையாது. அவருக்குக் கோபமே வராது, அதுதான் அவரோடு பெரிய இம்சை. “ஏம்மா, அதை என் கையில குடுத்தது நீயா?”

“எங்க அப்பா.”

“அப்பம் அவரு வந்து கேக்கட்டும். ஒருத்தர் குடுத்ததை இன்னொருத்தர் கையில குடுத்தா நாளைக்கு என்னையத்தான் கேப்பாங்க.”

அவ்வளவுதான். மறுபடி நூல் விலை.

எங்கள் அப்பா சிவனாண்டிக்கு வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஆடு மேய்ப்பு. கிடை போட வெளியூர் போகும்போது, நடக்க மாட்டாத குட்டிகளைத் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்து கூட்டிக்கொள்ளும்போது எண்ணிப் பார்க்க மாட்டார். எண்ணினால் அந்த ஆளை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். எத்தனை குட்டி இப்படிக் குறைந்து வந்திருக்கிறது என்று அம்மா கேட்டால், “செத்திருக்கும்” என்பார். முடிந்தது.

குட்டிக்குச் செய்ததையே என் பி.ஏ. சர்டிபிகேட்டுக்கும் செய்தார். வீடு ஒழுகுது, எலி கடிச்சிரும், அண்ணாச்சி பீரோவில் இருந்தால் ஒரு தூசி படாது என்று உர மூட்டையின் உள் உறையில் சுற்றிக் கொண்டுவந்து, அவர் கேட்காமலே கொடுத்தார். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டும் சேர்த்து. அண்ணாச்சி அதை அம்பாள் படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமம் வைத்து, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் முதல் டிகிரி. அது ஒரு பெரிய மனுஷர் பீரோவில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மாதமே அண்ணாச்சி மற்றவர்களிடம் ஆரம்பித்தார். “சிவனாண்டி தானாக் கொண்டாந்து குடுத்தாரு. உங்க வீட்டுல என் மேல நம்பிக்கை இல்லியோ?” ஒவ்வொருவராகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் அப்பா செய்த தப்பு ஆபீஸ் சட்டமாகிவிட்டது. பிரேமலதா அக்காவை பேங்க் வேலைக்குக் கூப்பிட்டபோது அண்ணாச்சி குடும்பத்தோடு திருச்செந்தூர் போயிருந்தார். சாவி அவர் அரைஞாணில். அவள் போகவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதும் இல்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். “அண்ணாச்சி வரச் சொல்லுதாரு. உடனே வாங்க.”

“என்ன மக்கா, எதும் தப்பு பண்ணிட்டியா?”

“ஆமா. சர்டிபிகேட்டைக் கேட்டுட்டேன்.”

அந்தப் பக்கம் ஆட்டை அதட்டிவிட்டு, “வாரேன்” என்றார்.

அவர் ஆட்டை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு பஸ் பிடித்து வரவேண்டும். நான் என்ன செய்வது? உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போனேன், வந்தேன், மறுபடி போனேன். “ஏட்டி, உக்காரு. தறி நாடா மாதிரி போயிட்டு போயிட்டு வாரே” என்றாள் பிரேமலதா அக்கா. உட்கார்ந்து வாலி கென்னார்டைத் திறந்தேன்.

எங்கள் வேலை இதுதான். ஆஸ்திரேலியாவில் பழைய ஆட்டக்காரர்களைப் பற்றி ஒரு பெரிய வெப்சைட் போடுகிறார்கள். அந்தக் காலத்துப் பேப்பர்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். நாங்கள் படித்து, ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் பிறந்தது, வளர்ந்தது, ஆடியது, ஓய்ந்தது என்று ஒரு பக்கம் எழுதவேண்டும். ஃபுட்பால் என்றுதான் பெயர். பந்து நெல்லிக்காய் போல உருண்டை கிடையாது, பப்பாளி போல நீளம். கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். எறியக் கூடாது, ஒரு கையில் வைத்து மறு கையால் குத்தித்தான் கொடுக்கவேண்டும். ஒவ்வொரு முனையிலும் கோல் போஸ்ட் நான்கு. உயரத்தில் வருகிற பந்தைப் பிடிக்க ஒருவன் இன்னொருவன் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறுவான், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. முதல்முறை வீடியோ பார்த்தபோது நாங்கள் எல்லாரும் பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று சிரித்தோம்.

வாலி என்று பெயரைப் பார்த்ததும் கடைசி சீட்டு ஜெயசித்ரா, “மறைஞ்சு நின்னு அடிச்சாங்களாக்கா?” என்று கேட்டாள். அப்போது சிரித்தேன். போகப்போக அது அப்படியொன்றும் தப்பான கேள்வி இல்லை என்று ஆகிவிட்டது.

கோதுமை விளைகிற ஒரு ரயில்வே ஊரில் பிறந்தவன். அப்பா தண்டவாளம் பழுது பார்க்கிறவர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அடுத்தவன் பூட்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டு மெல்போர்ன் வந்து, ஆல்டர்டன் என்ற கிளப்பில் சேர்ந்தான். வாரம் முழுக்க டிராம் ஒர்க்‌ஷாப்பில் வேலை, சனிக்கிழமை ஆட்டம். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான், ஆட்டத்தை வைத்துச் சோறு தின்ன முடியாது. அவன் ஆடியது தடுப்பு வரிசையின் நடு இடம். எதிர் டீமில் கோல் அடிக்கிற பெரிய கையை மறித்து நிற்கிற வேலை. கோல் அடிக்கிறவனுக்குப் பேப்பரில் படம் வரும், மறிக்கிறவனுக்கு வராது. இவனுக்கு வந்தது. ஒரு ஃபைனலில் விரல் ஒடிந்து, ஒடிந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு கடைசி வரை ஆடினான். ஆல்டர்டன் தோற்றது. ஆனால் மறுநாள் பேப்பரில் அவன் கைதான் பெரிதாக இருந்தது.

பிறகு 1952. அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. கிளப் கணக்குப்படி அவன் கதை அத்தோடு சரி.

எங்கள் ஆபீஸில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு ஆட்டக்காரனுக்கு ஏதாவது ஒரு வருஷம் காலியாக இருந்தால், “முழங்கால் காயம் காரணமாக விளையாடவில்லை” என்று போட்டுவிடுவோம். அண்ணாச்சி கண்டுபிடித்தது. காயம் என்றால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள், வேலை சீக்கிரம் நகரும். முதலில் தோள்பட்டையும் போட்டுப் பார்த்தோம், அப்புறம் முட்டியே நின்றுவிட்டது. “நம்ம ஆபீஸ்ல அம்புட்டு பேருக்கும் முட்டி போச்சுட்டி. ஒரு பார்சல் கோயில் புத்துமண் அனுப்பிவிடலாம், பூசிக்கிடட்டும்” என்பாள் பிரேமலதா அக்கா.

விரல் ஒடிந்தும் ஆடினவன் முட்டிக்காக ஒரு வருஷம் முழுக்க உட்காருவானா? எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வருஷத்துப் பேப்பரைத் தேடினேன். யாரும் மூடி மறைக்கவில்லை, பேப்பர்காரன் பச்சையாகப் போட்டிருந்தான், படிக்கத்தான் ஆள் இல்லை.

கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை. கின்ரோஸ் என்ற சின்ன ஊர் டீம் அவனைக் கூப்பிட்டது. நீயே ஆடு, நீயே டீமுக்குச் சொல்லியும் கொடு, குடியிருக்க வீடு தருகிறோம் என்றார்கள். அவன் சரி என்றான். ஆனால் அங்கே ஒரு சட்டம். பழைய கிளப் ‘கிளியரன்ஸ்’ என்று ஒரு சம்மதம் தராமல் எவனும் வேறு கிளப்பில் கால் வைக்க முடியாது. போய்க் கேட்டான். கமிட்டிக்காரர்கள் உட்காரவைத்து, டீ கொடுத்து, நீ எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லையா, உன்னை எப்படி விடுவது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுபடி கேட்டான். மறுபடியும் டீ.

சீசனின் முதல் சனிக்கிழமை ஒரு நிருபர் அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். வாலி வேலிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். மைதானத்துக் கூச்சல் அந்தத் தெரு வரைக்கும் கேட்டதாம். காயமா என்று நிருபர் கேட்டதற்கு அவன் சொன்னது: “என் கால் நன்றாகத்தான் இருக்கிறது. கமிட்டியைப் போய்க் கேளுங்கள்.”

இதைப் படித்த அன்று நான் எழுந்து கீழே போய்த் தறிக்கூடத்தைச் சுற்றி வந்தேன். என்னால் உட்கார முடியவில்லை.

மறு வருஷம் அவன் கிளியரன்ஸ் இல்லாமலே கின்ரோஸுக்கு ஆடப் போனான். தடை போட்டார்கள். அவனோடு ஆடுகிறவனுக்கும் தடை என்றார்கள். பெரிய பேப்பர்கள் அவன் பெயர் போடுவதை நிறுத்திவிட்டன. அவன் பாட்டுக்கு எந்தச் சங்கத்திலும் சேராத டீம்களோடு, மேய்கிற செம்மறியைக் காலையில் விரட்டிவிட்டுக் கோடு போடுகிற நிலத்தில், தலை வழுக்கையாகிற வரைக்கும் ஆடினான். கின்ரோஸ் வாரப் பத்திரிகையில் இது எல்லாம் இருக்கிறது. கிளப் கணக்கில் ஒரு வரி இல்லை.

பெங்களூர்க் கம்பெனியில் வீடியோ இன்டர்வியூ எடுத்தபோது இதைத்தான் சொன்னேன். வாசுதேவநல்லூர் குளத்துக்கரையில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்றுகொண்டு, வாலி ஆடாத வருஷத்தை எப்படித் தேடினேன் என்று சொன்னேன். அவர்களும் விளையாட்டுக் கணக்குதான் பார்க்கிறார்கள். வேலை கொடுத்துவிட்டார்கள். ஆனால் நான் எழுதிய பக்கத்தில் கிளியரன்ஸ் பற்றிய வரியை அண்ணாச்சி வெட்டச் சொல்லிவிட்டார். “சண்டை சச்சரவெல்லாம் நமக்கு எதுக்கு? முட்டின்னு போட்டு முடி.” எல்லார் பக்கத்தையும் சரிபார்த்து அனுப்புகிற பிரேமலதா அக்காவின் லாகினில் அது முட்டியோடு காத்துக்கிடக்கிறது.

அப்பா வந்தார். தலைத்துண்டை வாசலிலேயே அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

“வாரும் சிவனாண்டி, உக்காரும்வே” என்றார் அண்ணாச்சி.

“இருக்கட்டும் அண்ணாச்சி.” நாற்காலி காலியாக இருந்தது. அவர் சுவரோரம் நின்றார்.

“மக சர்டிபிகேட்டைக் கேக்கா. நீரு கேக்கீரா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒரே ஒரு வார்த்தைதான் எதிர்பார்த்தேன். ஆமா. அதற்கு மேல் அவர் ஒன்றும் பேச வேண்டாம், மீதியை நான் பேசிக்கொள்வேன்.

“பிள்ளை அறியாம கேட்டுட்டா” என்றார் அப்பா. “உங்ககிட்ட இருக்கது எங்களுக்குக் கவுரவம்லா. மனசுல வச்சிக்கிடாதீக.”

“யப்பா! திங்கக்கிழமை அங்க போய் நிக்கணும் நான்.”

“சும்மா இரி மக்கா. பெரியவுக பேசுதாக.”

“நான் என்ன மாட்டேன்னா சொல்லுதேன்?” என்றார் அண்ணாச்சி. குரலில் வெண்ணெய். “பொன்செல்வி நம்ம வீட்டுப் பிள்ளை. ஆஸ்திரேலியா வேலை தீவாளிக்குள்ள முடியணும். அதுவரைக்கும் இருக்கட்டும். பொறவு நானே கார் வச்சு பெங்களூர்ல கொண்டு விடுதேன். இப்பம் அந்தக் கம்பெனிக்காரன் நம்பரைக் குடு, நானே பேசுதேன். பிள்ளைக்கு மஞ்சக்காமாலை, படுத்த படுக்கைன்னு சொல்லிட்டா காத்துக்கிடுவான்.”

“எனக்கு மஞ்சக்காமாலை இல்ல.”

“ஒரு பேச்சுக்குத்தாம்மா.”

“ஒரு பேச்சுக்கும் இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க தர மாட்டேங்கீங்க, அதான் விஷயம்.”

அண்ணாச்சி சிரித்தார். “பாத்தீரா சிவனாண்டி, படிச்ச பிள்ளை பேச்சை?” அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். ஆட்டுக்குட்டி குறைந்து வந்தபோதெல்லாம் இப்படித்தான் சிரித்திருப்பார்.

டீ வந்தது. அப்பா நின்றபடியே ஊதி ஊதிக் குடித்தார். நான் என் இடத்துக்குப் போனேன்.

பிரேமலதா அக்கா திரையைப் பார்த்தபடியே மெல்லப் பேசினாள். “ஏட்டி, மல்லுக்கு நிக்காத. சர்டிபிகேட் தொலைஞ்சு போச்சுன்னு ஸ்டேஷன்ல எழுதிக் குடு. பஸ்ஸுல வச்சு விட்டுட்டேன்னு சொல்லு. அந்தத் தாளைக் காட்டி யுனிவர்சிட்டில டூப்ளிகேட் வாங்கிரலாம். யாருக்கும் கெட்ட பேரு இல்ல.”

“தொலையலியே அக்கா. அந்தா இருக்கு பீரோவுல.”

“இருக்குட்டி. இருக்குன்னு எழுதினா பகைலா?”

“எழுதத்தான் போறேன்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “பெங்களூர்க்காரன் சேர்த்துக்கிடலன்னா?”

“ஞாயித்துக்கிழமை ரயில் ஏறிருவேன். நடந்ததைச் சொல்லுவேன். சேர்த்தா சேர்க்கட்டும், சேர்க்கலன்னா அங்கன வேற வேலை தேடுதேன். இங்கன முட்டி போட்டுக்கிட்டு இருக்க என்னால முடியாது.”

அவளுக்கு என்ன தோன்றியதோ தெரியாது. வாலி கென்னார்டைத் திறந்தாள். “உன் வரியைச் சொல்லு” என்றாள். நான் சொன்னேன், அவள் அடித்தாள். 1952-ல் ஆல்டர்டன் கிளப் கிளியரன்ஸ் தர மறுத்ததால் அவர் விளையாடவில்லை. அவருக்குக் காயம் எதுவும் இருக்கவில்லை. பிறகு கின்ரோஸ் டீமுக்காக ஆடினார். அனுப்புகிற பட்டனை அமுக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல அடுத்த ஆளின் பக்கத்துக்குப் போனாள். “உன் வரி போயிட்டு” என்றாள், அவ்வளவுதான்.

நான் பையை எடுத்தேன். டிபன் பாக்ஸைப் பையில் போட்டேன். அண்ணாச்சி மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

“அண்ணாச்சி, நான் இப்ப போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். தொலைஞ்சு போச்சுன்னு எழுத மாட்டேன். யாரு பீரோவுல, எந்தத் தட்டுல இருக்கு, எத்தனை தரம் கேட்டேன், என்ன பதில் சொன்னீங்கன்னு எழுதிக் குடுப்பேன். யுனிவர்சிட்டிக்கும் அதையேதான் எழுதுவேன்.”

அவர் போனைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அதையும் என்மேல் காட்டவில்லை. “என்னவே இது?” என்று அப்பாவைப் பார்த்தார். “என் பேரை ஸ்டேஷன்ல எழுதவா பிள்ளையப் படிக்க வச்சீரு?”

அப்பா டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தார். “மக்கா, அவுக முகத்துல நான் முழிக்காண்டாமா? உன் தம்பிக்குப் படிக்க சீட்டு வாங்கிக் குடுத்தது யாரு? நாளைக்கு ஒண்ணுன்னா யாருகிட்ட போய் நிப்பேன்?”

“யப்பா, குடுத்தது நீங்க. அவரு கேக்காமலே குடுத்தீக. நான் கேட்டப்ப, எனக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலியே நீங்க.”

“எப்படிம்மா கேப்பேன்?”

“தெரியுது. அதனாலதான் நானே போறேன்.”

கையை விடுவித்துக்கொண்டேன். பலமாக இழுக்க வேண்டியிருக்கவில்லை, அவரே விட்டுவிட்டார்.

படி இறங்கினேன். தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி பறந்துகொண்டிருந்தது, சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தெருவுக்கு வந்த பிறகுதான் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா தெருமுக்கில் நின்று மூச்சு வாங்கினார். அவருக்குப் பின்னால் மாடி ஜன்னலில் பிரேமலதா அக்காவும் ஜெயசித்ராவும்.

“ஏட்டி பொன்னு,” என்றார், “பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்லா.”

“தெரியும்” என்று சொல்லிவிட்டு இந்தப் பக்கமே நடந்தேன்.